பதினாலாம் நம்பர் பை

ஒரு பை மண்ணைத் தொலைக்க வீரசிங்கத்தைப் போல ஒரு ஆள் வேண்டும். மலையில் மண்ணுக்கா பஞ்சம்? காலை வைத்தால் மண், உட்கார்ந்தால் மண், கச்சான் காற்றடிக்கும் நாளில் வாயைத் திறந்து பேசினால் பல்லிடுக்கிலும் மண். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணைத் தொலைத்து, தொலைத்ததற்குப் பதிலாக வேறு மண்ணை அள்ளிக் கட்டிக் கொடுத்து, அந்தப் பாவத்தை மூன்று மாதமாக நெஞ்சில் சுமந்து திரிந்தவர் தேயிலைத் தோட்டத்தின் மேமலை டிவிசனில் அவர் ஒருவர்தான்.

ஆவணியில் நடந்தது அது. பதுளையிலிருந்து ஒரு ஜீப்பில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைமைக்கு ஸகீனா என்று ஒரு மிஸ். பதுளை டவுன் பிள்ளை; ‘இருக்கு’ அவர் வாயில் ‘ஈக்கு’ ஆகும். கல்லையும் மண்ணையும் கரைத்துக் குடித்தவர். மலைக்கு அடியில் காரீயம் என்கிற கிரபைட் ஓடுகிறதா என்று பார்க்க வந்தார். தோட்டத்து ஆட்களுக்கு அது பென்சில் கரி. சிங்களத்தில் மினிரன். ‘ரன்’ என்றால் தங்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘மினி’ என்றால் சின்னது என்பது மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே மேமலையில் சின்னத் தங்கம் கிடைக்கப் போகிறது என்ற செய்தி ஜீப்புக்கு முன்னாலேயே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஐந்து லயத்துக்கும் ஏறிவிட்டது.

“தங்கம் இல்ல அண்ணே, கரிதான்” என்று ஸகீனா மிஸ் விளக்கினார். “புகை விடாம ஓடுற கார் ஈக்கே, அதுட பெட்டரிக்குள்ள போடுறது. வெயில்ல எடுக்கிற கரண்டச் சேத்து வைக்கிறதுக்கும் இது வேணும். உலகமெல்லாம் இப்ப இதத்தான் தேடித் திரியுது.”

“ஒரு காருக்கு எவ்வளவு போகும் மிஸ்?”

“அம்பது கிலோவுக்கு மேல போகும்.”

“ஒரு மூட்டையா?” வீரசிங்கம் யோசித்தார். “எங்க வீட்டு டோர்ச்சு ரெண்டு பெட்டரிக்கே ஒரு மாசம் காத்துக்கிட்டு இருக்கு.”

மிஸ் சிரித்தார். சிரித்த வாயோடு அவரை உதவி ஆளாகப் போட்டுக்கொண்டார். சிரிப்புக்காக மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருசம் மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்டிய ஆள் வீரசிங்கம். மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தத்தை வைத்தே கீழே கல்லா களியா என்று சொல்லுவார். மஞ்சள் சட்டையும் தலைக்குத் தொப்பியும் கொடுத்தார்கள். அந்தத் தொப்பியோடு அவர் கோயிலுக்குப் போய், பூசாரி விபூதி பூச இடம் தேடி நின்றது தனிக்கதை.

வேலை இதுதான். ஏழாம் நம்பர் மலையில் இருபது இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சி நட்டிருந்தது. ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் கை முழுசாக உள்ளே போகிற ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடிமண்ணை மட்டும் எடுத்து, வெள்ளைப் பையில் போட்டு, குச்சியின் இலக்கத்தைப் பையில் எழுத வேண்டும். வீரசிங்கம் இருபதையும் ஒழுங்காகத்தான் தோண்டினார். முதுகு விட்டுப்போயிற்று. பைகளை இரண்டு உரச் சாக்கில் போட்டு, தோளுக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு கவ்வாத்து வெட்டிய மலைக்குள் இறங்கினார். வெட்டிய தேயிலைச் செடியின் மொட்டைக் கட்டை கத்தி மாதிரி நிற்கும். அதில் ஒன்று சாக்கின் மூலையையும் உள்ளே இருந்த ஒரு பையையும் கிழித்தது அவருக்குத் தெரியாது.

வழியில் தங்கச்சி விஜயலெட்சுமியின் லயம். அங்கே ஒரு பிளேன்டியும் ரொட்டியும் உண்டு என்பது கால்களுக்குத் தெரியும். சாக்கை இறக்கிவிட்டுக் குடித்து முடித்து, திரும்பத் தூக்கும்போதுதான் பார்த்தார். பதினாலாம் நம்பர் பை வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. உள்ளே ஒரு பிடி கூட இல்லை. மிச்சம் ஏழாம் நம்பர் மலையிலிருந்து லயம் வரைக்கும் வழியெல்லாம் கொட்டிக் கிடக்கும்.

கீழே தேயிலை ஸ்டோருப் பக்கம் ஜீப் ஹோர்ன் அடித்தது. மேலே பதினாலாம் குச்சிக்கு ஏறி இறங்க முக்கால் மணி நேரம். ஹோர்ன் மறுபடியும் அடித்தது. வீரசிங்கம் குசினிக்குப் பின்னால் போனார். அங்கே தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் மண் நல்ல கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அதே மலை, அதே மண், மிஸ்ஸுக்குக் கறுப்பும் பிடிக்கும். கிழிந்த மூலையை இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, மற்றப் பத்தொன்பது பைகளையும் விட அழகாக முடிச்சுப் போட்டார்.

அந்த மண் ஏன் கறுப்பு என்று அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவர் வீரசிங்கம் இல்லை. தைப்பொங்கலுக்கு லயத்தில் எல்லோரும் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெள்ளை அடித்து, சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புப் பட்டை இழுப்பார்கள். வருசம் முழுக்கத் தீர்ந்துபோன டோர்ச் பெட்டரி, ரேடியோ பெட்டரி எல்லாவற்றையும் விஜயலெட்சுமி சேர்த்து வைப்பாள். தட்டைக் கல்லில் வைத்து உடைத்து, உள்ளே இருக்கிற கரியை இடித்து மாவாக்கி, கஞ்சித் தண்ணியில் குழைத்தால் கறுப்புச் சாயம். பதினைந்து பொங்கலாக அவள் அந்தக் கல்லில்தான் இடிக்கிறாள். சிந்தினதெல்லாம் கல்லைச் சுற்றி மண்ணோடு மண்.

ஐப்பசி மழை இறங்கிய பிறகுதான் கடிதம் வந்தது.

முந்திய வருசம் பக்கத்து டிவிசனில் மலை சரிந்து இறங்கியதிலிருந்து விஜயலெட்சுமி இருந்த பத்துக்காம்பரா லயத்தின் சுவரிலும் இன்னும் இரண்டு லயத்திலும் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடியிருக்க ஆகாத இடம். மாற்று இடமாக ஏழாம் நம்பர் மலையின் கீழ்ப்பகுதியில் முப்பத்திரண்டு குடும்பத்துக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் அளந்து எல்லைக் கட்டை அடித்திருந்தார்கள். ஒன்பதாவது கட்டை விஜயலெட்சுமியுடையது. அடித்த அன்றைக்கே அதன் பக்கத்தில் ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டாள். ஐப்பசி கடைசியில் காணிக் கடதாசி கையில் தருவதாகப் பேச்சு. கடதாசிக்குப் பதில் கடிதம் வந்தது. ‘மேற்படி காணியில் கனிய வளம் காணப்படுவதாக ஆரம்ப அறிக்கை கிடைத்துள்ளதால் ஒப்படைப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.’

அதைக் கேட்ட பிறகுதான் வீரசிங்கத்துக்குத் தட்டைக் கல்லும் பெட்டரிக் கரியும் ஞாபகம் வந்தன. பதினாலாம் குச்சி நின்றது ஒன்பதாவது கட்டைக்குப் பத்தடி தள்ளி.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த ஜீவன் அதே லயத்தில் வளர்ந்த பையன். முறைக்கு மருமகன்.

“ஜீவன் தம்பி, எந்தப் பையில வந்துச்சுன்னு எழுதியிருக்கா?”

“பையா? என்ன பை மாமா?”

“இல்ல, சும்மா கேட்டேன். காணி கெடைக்குமா, கெடைக்காதா?”

“கெடைக்காதுன்னு எழுதல.”

“கெடைக்கும்னு எழுதியிருக்கா?”

“அப்பிடியும் எழுதல. நிப்பாட்டி வைக்கிறதா இருக்கு.”

“பஸ்ஸ நிப்பாட்டினா மறுபடி எடுப்பான். ஸ்டோர நிப்பாட்டினா பூட்டுப் போட்டுருவான். இது எந்த நிப்பாட்டு?”

ஜீவன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டான். “மேல கேட்டிருக்கு மாமா.”

“மேலன்னா யாரு?”

ஜீவன் தன்னை அறியாமல் கூரையைப் பார்த்தான். அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பேரேட்டின் மேல் விழுந்தது. அவன் பேரேட்டை நகர்த்தி வைத்தான். பேச்சு அத்தோடு முடிந்தது.

சங்கத்துத் தலைவரிடம் கேட்டார். “நம்ம ஆளுக கதைக்கிறாங்க, பொறுமையா இரு.” கிராம சேவகரிடம் கேட்டார். கடிதத்தின் தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை, வந்ததும் பார்க்கலாம் என்றார். ஸகீனா மிஸ்ஸிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டால், “அண்ணே, அந்தப் பதினாலாம் பை...” என்று அவர் திருப்பிக் கேட்பாரே.

மூன்று நாள் விடாத மழை. கொழுந்து இல்லை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லை, கூலிக்கு யாருக்கும் பேர் இல்லை. வீரசிங்கம் ரப்பர் சீட்டைப் போர்த்துக்கொண்டு, கீழ்லயத்திலிருந்து தங்கச்சி வீட்டுக்கு ஏறினார். அவர் தனிக்கட்டை. பெண்சாதி போனதிலிருந்து மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

காம்பராவுக்குள் விஜயலெட்சுமி அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் அவள் புருசன் ரெங்கசாமி, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல் தூக்கி வைத்துக் கிடந்தார். கான் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து மூன்று வாரம்.

“வாங்க எஞ்சினியர்” என்றார் ரெங்கசாமி. “தங்கம் எந்தளவுல இருக்கு?”

“கால் எப்பிடி மச்சான்?”

“கால் அங்கதான் இருக்கு. நாந்தான் எங்கயும் போக முடியல.”

“அண்ணே, கதவச் சாத்து. சாரல் அடிக்குது” என்றாள் விஜயலெட்சுமி.

வீரசிங்கம் தள்ளினார். முக்கால்வாசி வந்து கதவு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

“விடு. போன கெழம கத்தியால சீவினேன். மறுபடி இறுகிருச்சு.”

“மழைக்கு மரம் ஊதும்ல.”

“ஊதினா சுத்திவர இறுகணும். இது ஒரு மூலையில மட்டும் இறுகுது. நெலை கோணிப்போச்சுண்ணே.” அவள் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “பின்னால போய் பாத்துட்டு வா. மூணு நாளா நான் பாக்கிறேன். வேற ஒரு கண்ணும் பாக்கட்டும்.”

குசினிக்குப் பின்னால் போனார். நிலத்தில் ஒரு வெடிப்பு, லயத்துக்கு நெடுக, சவுக்கு மரத்தடியிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் ஓடியிருந்தது. தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் கறுப்பு மண்ணை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. அதன் குறுக்கே விஜயலெட்சுமி ஒரு ஈர்க்குச்சி வைத்து அளந்திருந்தாள். குச்சி இப்போது ஒரு பக்கம் பிடியில்லாமல் உள்ளே சரிந்து கிடந்தது. வீரசிங்கம் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. உள்ளே குளிர்ந்த காற்று அடித்தது. இருபத்திரண்டு வருசம் மண்ணில் கை வைத்த மனுசன், சுட்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

“விஜி, பள்ளிக்கூடத்துக்கு எறங்கிருங்க. இன்னைக்கே” என்றார் உள்ளே வந்து.

“போன தடவ எறங்கினோம். மூணு நாள் பெஞ்சில படுத்துட்டு வந்தோம். மலை அப்பிடியே நின்னுச்சு.”

“இப்ப அப்பிடி இல்ல.”

“இப்ப எறங்கினா பேரு போயிரும். பக்கத்துக் காம்பரா கருப்பம்மா மதினி முந்தாநாள் வெலிமடைக்கு மக வீட்டுக்குப் போச்சு. நேத்துத் தலைவர் வந்து பூட்டுன கதவப் பாத்து எழுதிட்டுப் போறார். என்னா தலைவரேன்னு கேட்டா, ஆள் இருக்கிற காம்பராவுக்குத்தான் காணியாம்.”

“அவரு சொல்றத நம்புறியா?”

“நம்பல. நம்பாம இருக்கவும் முடியல. அதான வெனை.” கிழங்கைத் தட்டில் போட்டு, கட்டச்சம்பலை ஓரத்தில் வைத்து அண்ணனிடம் நீட்டினாள். “நம்ம பேர்ல ஒரு கட்டை அடிச்சிருக்கான். நாளைக்குத் தொரை மாறினாலும் சங்கம் மாறினாலும், எறங்குன்னு ஒருத்தனும் சொல்ல முடியாத ஏழு பேர்ச்சு. அதுக்குத்தான் குந்திக்கிட்டு இருக்கேன்.”

ரெங்கசாமி கட்டிலிலிருந்து சொன்னார். “அவ போகட்டும்னு நான் சொன்னேன் மச்சான். எனக்குக் காலில்ல, நான் கெடக்கிறேன், நீ போன்னு. அதுக்கு அவ சொல்றா, ஒங்கள விட்டுட்டுப் போனா அப்புறம் யாரோட சண்ட போடுறதாம்.”

“சாப்பிடுங்க ரெண்டு பேரும்” என்றாள் அவள்.

வீரசிங்கம் ஒரு துண்டுக் கிழங்கை எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“விஜி, ஒன்னு சொல்றேன். கோவிக்காத.”

“கோவிக்கிற விசயம்னா சாப்பிட்டுட்டுச் சொல்லு.”

“அந்தக் காணி நின்னது என்னாலதான்.”

சரியாக அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற சத்தம்.

“என்னா? கேக்கல.”

“காணி நின்னது என்னாலன்னேன்.”

“கட்டையா? கட்டை எங்க விழுந்துச்சு?”

வாழ்க்கையில் ஒரு தடவை மெதுவாகச் சொல்ல வேண்டிய விசயம் வந்தது. அதையும் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பை கிழிந்தது, மண் கொட்டியது, ஹோர்ன் அடித்தது, குசினிக்குப் பின்னால் அள்ளியது, பெட்டரிக் கரி, எல்லாவற்றையும் வீரசிங்கம் கூரையோடு போட்டி போட்டுக் கத்தினார். லயத்தில் மிச்சமிருந்த மற்ற மூன்று குடும்பத்துக்கும் கேட்டிருக்கும். சொல்லி முடித்ததும் மழை சட்டென்று குறைந்தது. அது இன்னும் மோசம்.

ரெங்கசாமிதான் முதலில் பேசினார். “அப்ப எம்பொண்டாட்டி இடிச்ச பெட்டரிதான் அந்தச் சின்னத் தங்கம்.”

“ஆமா மச்சான்.”

“முப்பத்திரெண்டு வீட்ட ஒரு பையில கட்டிக் குடுத்துட்டு, மூணு மாசமா எங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு இருந்திருக்க.”

“சோறு கொறவு மச்சான். ரொட்டிதான் கூட.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வீரசிங்கத்துக்குத் தன் வாயைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. எப்போதும் அப்படித்தான். அழுகை வருகிற வழியில் அவருக்குப் பகிடிதான் வரும். பெண்சாதியைப் புதைத்த அன்றைக்கும் குழி கோணலாக இருக்கிறது என்று குழி வெட்டினவர்களோடு வாதாடினவர் அவர்.

விஜயலெட்சுமி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த மிஸ்ஸு எப்ப வரும்?”

“நாளைக்குக் காலையில. ரோட்டு மூடுறதுக்கு முன்ன சாமானெல்லாம் ஏத்த வருது.”

“போய் சொல்லு.”

“சொன்னா வேலை போயிரும் விஜி.”

“போகட்டும்.”

“பொலிஸுக்குக் குடுத்துட்டா?”

“ரொட்டி கட்டிக்கிட்டு நான் வந்து பாக்கிறேன்.” அவள் குரல் ஏறவில்லை. “சிரிக்காம சொல்லு. நீ பல்லக் காட்டிக்கிட்டுச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. சொல்லிட்டு, காணி உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தை நேரா வாங்கிட்டு வா. உண்டுன்னா பேரு எழுதினது எழுதினதுதான், எறங்கிருவோம். இல்லைன்னா இந்தச் செவத்தப் புடிச்சிக்கிட்டு இருந்து என்னா ஆகப்போகுது, அப்பவும் எறங்கிருவோம். ரெண்டும் தெரியாமத்தானே இங்கன கெடக்கோம்.”

“இன்னைக்கே எறங்கிட்டா என்னா?”

“நாளைக்குக் காலைல வரைக்கும் பாப்போம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அந்தப் பெட்டரிய இடிச்சது நான்ல. எனக்கும் பங்கிருக்கு” என்றாள்.

வீரசிங்கம் கீழ்லயத்துக்கு இறங்கவில்லை. வாசல் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். ஏதாவது நடந்தால் மச்சானைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னார். “நீ என்னத் தூக்கினா ரெண்டு பேரும் உருளுவோம்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஆனாலும் ரெங்கசாமி தன் கம்பளியை அவருக்குக் கொடுத்தனுப்பினார்.

விடிந்ததும் விஜயலெட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். குடம் காலி.

“பீலியில தண்ணி இல்ல.”

“என்னா?”

“நேத்துப் பால் தேத்தண்ணி மாதிரி கலங்கி வந்துச்சு. இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. மழை பெய்யுது, தண்ணி இல்ல.”

வீரசிங்கமும் ரெங்கசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கான் வெட்டுகிறவர்கள். நாலு நாள் மழைக்குப் பிறகு மலையிலிருந்து தண்ணீர் வரவில்லை என்றால், அது எங்கேயோ உள்ளே தேங்கி நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“ஓடு மச்சான்” என்றார் ரெங்கசாமி. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை.

“துணிமணிய மூட்டை கட்டி வையி விஜி.”

“கட்டித்தான் இருக்கு. நேத்தே கட்டிட்டேன்” என்றாள் அவள். “நீ வார்த்தைய வாங்கிட்டு வா.”

ரோட்டில் போனால் சுற்று. வீரசிங்கம் தேயிலைக்குள் விழுந்து குறுக்கே இறங்கினார். கான்களில் தண்ணீர் முழங்காலளவுக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது. எட்டிப் பிடித்த செடிகள் கையோடு வந்தன. மேலே எங்கேயோ டர்பன்டைன் மரம் ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் லயம் தெரியும். தெரியாமல் போனால் என்ன செய்வது?

ஸ்டோருக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஜீப் நின்றது. ட்ரைவர் முஹம்மது பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஸகீனா மிஸ் மழைக்கோட்டோடு ஒரு பட்டியலைப் பார்த்து இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வீரசிங்கண்ணே, நீங்க என்னத்துக்கு இந்த மழையில? நாங்களே ஏத்திக்கொள்றம். போற வழியில ரோட்டு மூடப் போறாங்களாம்.”

வீரசிங்கம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. சிரிக்கக் கூடாது என்று தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்ததும், பாழாய்ப்போன உதடு தானாக இழுத்துக்கொண்டது. உள்ளங்கையால் வாயை ஒரு தடவை துடைத்துவிட்டு,

“மிஸ், பதினாலாம் நம்பர் பை பொய்” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். கேட்ட ட்ரைவர் கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். மிஸ் பட்டியலை மூடினார்.

“அதில நாகம் ஈந்திச்சு அண்ணே.”

“நாகமா?” வீரசிங்கம் பதறினார். “பைக்குள்ளயா? சத்தியமா நான் பாம்பு போடல மிஸ்.”

“பாம்பில்ல. பெட்டரிட வெளிச்சட்டை ஈக்கே, அந்த உலோகத்துட பேரு நாகம். மண்ணில அப்பிடி வராது. பதுளையில பரிசோதிச்ச அண்டைக்கே வெளங்கிட்டு, ஆரோ டோர்ச் பெட்டரிய இடிச்ச மண்ணக் கொண்டுவந்து போட்டிருக்கிறாங்கன்னு. முதல் கெழமையே பதினாலாம் பைய வெட்டிட்டம். அறிக்கையில அந்தப் பை இல்ல.”

வீரசிங்கத்துக்குத் தோளிலிருந்து மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. “அப்ப தெரிஞ்சும் என்கிட்ட கேக்கலியே மிஸ்.”

“கேட்டா நீங்க வெக்கப்பட்டு வேலைக்கு வராம ஈந்திடுவீங்க. மத்தப் பைகள அவ்வளவு ஒழுங்கா எடுத்த ஆள். ஒரு பைதானேன்னு விட்டுட்டன்.”

“அப்ப காணிக்கு ஒன்னும் இல்ல. என் பை இல்லன்னா காரீயமும் இல்ல. இல்லையா மிஸ்?”

மிஸ் மழைக்கோட்டின் பட்டனைப் போட்டார், கழற்றினார். ஜீவன் பேனா மூடியைக் கழற்றிப் போட்டது மாதிரியே இருந்தது அது.

“மிஸ், மேல என் தங்கச்சி இருக்கு. மச்சானுக்குக் கால் ஒடைஞ்சு கெடக்கு. லயத்துக்குப் பின்னால என் கை போற அளவு வெடிச்சிருக்கு. பீலியில இன்னைக்குத் தண்ணி இல்ல. எறங்கினா பேர வெட்டிருவாங்கன்னு குந்திக்கிட்டு இருக்காங்க, இன்னும் மூணு குடும்பமும் இருக்கு. கிளாக்கர்கிட்ட கேட்டேன், மேல கேட்டிருக்குன்னார். தலைவர்கிட்ட கேட்டேன், கதைக்கிறாங்கன்னார். எல்லாரும் நல்லவங்கதான், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நான் பொய் மண்ணு குடுத்தேன். ஒங்ககிட்ட வந்து உண்மையச் சொல்லிட்டேன். நீங்களும் ஒரு உண்மை சொல்லுங்க. அந்தக் காணி எங்க ஆளுகளுக்குக் கெடைக்குமா?”

“இத வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஓடர் ஈக்கு அண்ணே” என்றார் மிஸ்.

“அப்ப சொல்லாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க.”

ஸகீனா மிஸ் தலையை ஆட்டவில்லை. ஒரு அடி முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“கெடைக்காது. பதிமூணாம் பையும் பதினஞ்சும் பதினாறும் நீங்க தோண்டின பைகள். அடிமண்ணா, சுத்தமா எடுத்தது. அதில மெய்யாவே காரீயம் ஈக்கு, நல்ல காரீயம். இந்த வருசமும் அந்தக் காணியக் குடுக்க மாட்டாங்க, அடுத்த வருசமும் குடுக்க மாட்டாங்க. அதுக்காக அந்த லயத்தில ஒரு ஆளும் காத்துக்கொண்டு ஈக்க வேணாம். முஹம்மது, பெட்டியெல்லாத்தையும் இறக்குங்க. பீலிக்கரை வரைக்கும் ஜீப் ஏறும். ஏறுங்க அண்ணே, இப்பவே போய் அவங்கள இறக்குவம்.”